வட சிலாங்கூர்த் தோட்டங்களும் பள்ளிக் கணிதமும்: திறன் பற்றிய ஒரு விளக்கம்

முன்னுரை

கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டப்புறங்களில் வளர்ந்த முதியோர் தம் பள்ளிப் பருவத்தை நினைவுகூரும்போது, 'எனக்குக் கணக்கு வரவில்லை' என்றோ 'கணக்கில் நான் கெட்டி' என்றோ ஒரே தொடரில் தம்மை மதிப்பிட்டுக்கொள்வதை நாம் அடிக்கடி கேட்கிறோம். தமிழைப் பற்றியோ வரலாற்றைப் பற்றியோ எவரும் இவ்வளவு அறுதியாகச் சொல்வதில்லை. கணிதம் மட்டுமே பிறவியோடு வந்த ஒன்றாக, இருந்தால் உண்டு இல்லாவிட்டால் இல்லை என்னும் முறையில் பேசப்படுகிறது. இம்மதிப்பீடு சொன்னவரோடு முடிந்துவிடுவதுமில்லை. 'எங்கள் குடும்பத்துக்கே கணக்கு வராது' என்று பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் அது கைமாற்றப்படுகிறது. எஸ்.பி.எம். தேர்வில் கணிதத்தில் நல்ல தேர்ச்சி இல்லாதவர்க்கு உயர்கல்வியின் பல வாயில்கள் திறப்பதில்லை என்பதை எண்ணும்போது, இது வெறும் நினைவுப் பேச்சு அன்று என்பது விளங்கும்.

பள்ளியில் ஒருவர் கணிதத்தில் எவ்வாறு இருந்தார் என்னும் வினாவுக்கு விடை காண, அவருக்கு எந்தக் கணிதம், எந்த மொழியில், எத்தனை ஆண்டுகள் கற்பிக்கப்பட்டது என்பதை முதலில் அறிய வேண்டும். வட சிலாங்கூர்த் தோட்ட மக்களைப் பொறுத்தவரை இம்மூன்றும் தலைமுறைதோறும் மாறின. ஆகவே 'கணக்கு வரவில்லை' என்னும் கூற்று பெரும்பாலும் பள்ளியின் வரலாற்றைக் கூறுகிறதே அன்றி, ஆளின் அறிவைக் கூறவில்லை. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்டமும் தோட்டப் பள்ளியும்

சிலாங்கூர் மாநிலத்தின் வட பகுதியில் ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா ஆகிய இடங்களைச் சுற்றிப் பெருந்தோட்டங்கள் எழுந்தன. 2007ஆம் ஆண்டுக்கு முன் பத்தாங் பெர்ஜுந்தை என வழங்கிய ஊரே பெஸ்தாரி ஜெயா ஆகும். பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோகோனியே 1911ஆம் ஆண்டில் சுமத்ராவிலிருந்து செம்பனை விதைகளைத் தருவித்து ரந்தாவ் பாஞ்சாங்கில் நட்டார். 1917ஆம் ஆண்டில் தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரீடு தொடங்கியது. செம்பனைக்குப் பெயர்பெற்ற அத்தோட்டம் 'தென்னை மரம்' என்னும் தமிழ்ப் பெயரைத் தாங்கி நிற்பது, அங்கு உழைத்தவர் யாவர் என்பதைக் காட்டுகிறது. எனினும் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இவ்வட்டாரத் தமிழரின் வாழ்வு இரப்பரைச் சுற்றியே அமைந்தது.

தோட்டப் பள்ளி சட்டத்தின் வழியே வந்தது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் உள்ள தோட்டங்கள் பள்ளி நடத்த வேண்டும் என விதித்தது. கட்டடம் எதுவாக இருக்க வேண்டும், ஆசிரியர் எத்தகுதி உடையவராக இருக்க வேண்டும் என்பன பற்றிய அக்கறை பின்னரே வந்தது. பல தோட்டங்களில் கிராணியோ கங்காணியோ எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளி ஒருவரோ ஆசிரியராக அமர்ந்தார். ஓர் ஆசிரியரே ஒரே அறையில் பல வகுப்புகளைக் கவனித்தார். பிள்ளைகளில் பலர் விடியலில் பெற்றோருடன் பால்மரக் காட்டுக்குச் சென்று மங்கு துடைத்து, ஒட்டுப்பால் பொறுக்கிவிட்டுப் பள்ளிக்கு வந்தனர். பலர் மூன்றாம் நான்காம் வகுப்போடு நின்றனர்.

இத்தகைய பள்ளியில் கற்பிக்கப்பட்ட கணிதம், எண்ணெழுத்து, நான்கு அடிப்படைச் செயல்கள், வாய்பாடு என்னும் அளவில் நின்றது. போருக்கு முற்பட்ட காலத்தில் பாடநூல்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்தே வந்தன. அங்கு ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி. 1957ஆம் ஆண்டுவரை அம்முறையே நிலவியது. மலாயாவிலோ வெள்ளிக்கு 100 காசு. அந்நாட்டு நாணயத்தை வைத்து எழுதிய கணக்கைப் போடும் தோட்டச் சிறுவன், தன் தாய் மளிகைக் கடையில் கொடுக்கும் காசை அக்கணக்கில் காண வழியில்லை. பள்ளிக் கணிதத்துக்கும் வாழ்க்கைக் கணிதத்துக்கும் இடையிலான பிரிவு அங்கேயே தொடங்கிவிட்டது எனலாம்.

நிறுவைக் கொட்டகையின் கணிதம்

பள்ளிக்கு வெளியே தோட்ட மக்கள் கையாண்ட கணிதம் எளிதானதன்று. பெரட்டுக் களத்தில் பெயர் பதிவதிலிருந்து மாதச் சம்பளம் வரை ஒவ்வொரு நாளும் எண்ணோடுதான் கழிந்தது. கடையில் அரிசி காந்தாங்கிலும், பருப்பும் மீனும் காட்டியிலும் விற்கப்பட்டன. 16 தாயில் ஒரு காட்டி, 100 காட்டி ஒரு பிக்குல். தோட்டத்து நிறுவையோ இராத்தலில் நடந்தது. ஒரு காட்டி என்பது ஓர் இராத்தலும் மூன்றில் ஒரு பங்கும் ஆகும். எனவே மூன்று காட்டி நான்கு இராத்தலுக்குச் சமம் என்னும் ஒரே ஒப்பீட்டைக் கொண்டு, எழுதுகோலின்றி ஓர் அளவையிலிருந்து மற்றோர் அளவைக்கு மாறலாம். 1972ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டத்திற்குப் பின் கிலோகிராம் படிப்படியாக வந்து சேர்ந்தபோது, அதே மக்கள் மூன்றாவது அளவை ஒன்றையும் கற்றுக்கொண்டனர்.

இவற்றினும் நுட்பமானது பால் கணக்கு. வாளியில் உள்ள பாலின் எடை வேறு, அதில் அடங்கிய உலர் இரப்பரின் எடை வேறு. மரம், பருவம், மழை ஆகியவற்றுக்கு ஏற்ப இவ்விகிதம் மாறும். பொதுவாகப் பாலில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே இரப்பர் இருக்கும். மெட்ரோலாக் எனப்படும் மிதவைக் கருவியைப் பாலில் இட்டு, அது எவ்வளவு அமிழ்கிறது என்பதைக் கொண்டு இரப்பரின் அளவு கணிக்கப்பட்டது. இரப்பர் மிகுந்த பால் அடர்த்தி குறைந்தது, ஆதலால் கருவி கூடுதலாக அமிழும். நீர் கலந்தால் நிலை மாறும்.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். ஒருவர் ஒரு நாளில் 40 கிலோ பால் கொண்டுவருகிறார் எனக் கொள்வோம். அதில் 32 விழுக்காடு இரப்பர் என்றால் உலர் எடை 12.8 கிலோ. 30 விழுக்காடு என்று குறிக்கப்பட்டால் 12 கிலோ. ஒரு நாளில் வேறுபாடு 800 கிராம்தான். 25 நாள் வேலையில் அது 20 கிலோவாகிவிடும். இரண்டு விழுக்காடு என்னும் சிறு எண் ஒரு மாதத்தில் ஒன்றரை நாளுக்கு மேற்பட்ட உழைப்பை விழுங்கிவிடும் என்பதை, விழுக்காட்டுக் கணக்கு அறிந்தவரே உடனே காண இயலும்.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். வாளியின் கனத்தைக் கைகளால் உணர்ந்து எடையை ஏறத்தாழச் சரியாகச் சொல்லும் பால்வெட்டுத் தொழிலாளர்க்கு எண்ணறிவு இல்லை எனக் கூற இயலாது. ஆனால் விழுக்காடு என்னும் கருத்து ஆரம்பப் பள்ளியின் மேல் வகுப்புகளில்தான் வரும். மூன்றாம் வகுப்போடு நின்றவர்க்கு அது வந்து சேரவில்லை. ஆகவே தம் கூலியைத் தீர்மானித்த கணக்கின் கடைசிப் படியை அவரால் சரிபார்க்க இயலவில்லை. கிராணியின் பேரேட்டை நம்புவதன்றி வேறு வழி இருக்கவில்லை. கணிதக் கல்வி தோட்ட மக்களுக்கு எதனோடு தொடர்புடையது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

தெருக் கணிதமும் பள்ளிக் கணிதமும்

வாழ்வில் கணக்கு வரும், பள்ளியில் வராது என்னும் நிலை நம் தோட்டங்களுக்கு மட்டும் உரியதன்று. பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரில் தெருவில் பொருள் விற்ற ஐந்து சிறுவரைத் தெரெசின்யா நூனெஸ் முதலிய மூன்று ஆய்வாளர் சோதித்து, 1985ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். வாடிக்கையாளர் போலச் சென்று விலை கேட்டபோது அச்சிறுவர் 98.2 விழுக்காடு சரியான விடை கூறினர். அதே எண்களை வாக்கியக் கணக்காகக் கொடுத்தபோது 73.7 விழுக்காடும், வெறும் எண் கணக்காகத் தாளில் கொடுத்தபோது 36.8 விழுக்காடும் சரியாக இருந்தன. தேங்காய் விற்ற சிறுவன் ஒருவன், ஒன்று 35 வீதம் பத்துத் தேங்காயின் விலையைக் காண 35ஐப் பத்தால் பெருக்கவில்லை. மூன்று தேங்காய் 105 எனத் தொடங்கி, மும்மூன்றாகக் கூட்டி 315க்கு வந்து, எஞ்சிய ஒன்றையும் சேர்த்து 350 என்றான். பள்ளி கற்பித்த 'பூச்சியம் சேர்' என்னும் சுருக்கவழியை அவன் நாடவில்லை, எனினும் விடை பிழைபடவில்லை.

அண்மையில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ முதலியோர் இந்தியச் சந்தைகளில் வேலை செய்யும் சிறுவரை ஆராய்ந்து, 2025ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கட்டுரையும் இதனையே உறுதிப்படுத்துகிறது. சந்தைக் கணக்கில் தேர்ந்த சிறுவர் பள்ளிக் கணக்கில் தடுமாறினர். அதோடு, பள்ளிக் கணக்கில் தேர்ந்த பிற பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினர் என்பதும் அங்குக் காணப்பட்டது. இரு திறன்களும் தாமாக ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாய்வதில்லை. இரண்டையும் இணைக்கும் பணியை யாரேனும் செய்தாக வேண்டும். அதனைச் செய்ய வேண்டிய இடம் பள்ளியே ஆகும்.

தமிழ் எண் மரபு தந்ததும் தராததும்

இவ்விணைப்பு தமிழ் மரபில் ஒருகாலத்தில் இருந்தது. திண்ணைப் பள்ளிகளில் பயிலப்பட்ட எண்சுவடி, முழு எண்களோடு பின்னங்களையும் வாய்பாடாகவே கற்பித்தது. முந்திரி 1/320, காணி 1/80, மா 1/20, மாகாணி அல்லது வீசம் 1/16, அரைக்கால் 1/8 எனப் பின்னம் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் இருந்தது. மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி. அதாவது 1/20உம் 1/80உம் கூடி 1/16 ஆகும் என்பதை அப்பெயரே சொல்லிவிடுகிறது. நிலம், நெல், பொன், கூலி ஆகியவற்றின் அளவைகளோடு இப்பின்னங்கள் பிணைந்திருந்தன. நினைவாற்றலை அடிப்படையாகக் கொண்ட இக்கல்வி முறை, ஊர் வாழ்வின் கணக்குகளோடு எவ்வாறு ஒன்றியிருந்தது என்பதைச் செந்தில் பாபு 2022ஆம் ஆண்டில் வெளிவந்த தம் ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

மலாயாவுக்கு வந்த தமிழரின் பேச்சில் இம்மரபின் எச்சம் தங்கியது. 'முக்காலே மூன்று வீசம்' என்று இன்றும் நாம் பெரும்பகுதியைக் குறிக்கச் சொல்கிறோம். முக்காலும் மூன்று வீசமும் கூடினால் 15/16 என்பதைப் பலர் அறியார். ஒரு காட்டிக்குப் பதினாறு தாயில் என்பதால், ஒரு தாயில் என்பது சரியாக ஒரு வீசமே. கடைத்தெருவின் அளவையும் தமிழ்ப் பின்னமும் இவ்வாறு பொருந்தியிருந்தும், தோட்டப் பள்ளியின் கணிதம் அவ்விரண்டையும் ஒன்றாகக் காட்டவில்லை. எண்சுவடி பழைமை எனக் கைவிடப்பட்டது. அதனிடத்தில் வந்த பாடத்திட்டம் வேறு இடத்து வாழ்வை எண்ணி எழுதப்பட்டது.

மரபைப் புகழ்வதோடு அமைதல் ஆகாது. தமிழ் எண்ணுப்பெயர்களில் குழந்தைக்குத் தடை தரும் இடமும் உண்டு. இருபது, முப்பது, எண்பது என்பன பத்தின் மடங்குகளாக ஒழுங்காக வந்து, ஒன்பதில் மட்டும் தொண்ணூறு என மாறுகின்றன. அவ்வாறே எண்ணூறுக்குப் பின் தொள்ளாயிரம் வருகிறது. ஒன்பதைக் குறிக்கத் 'தொண்டு' என்னும் பழஞ்சொல் இருந்தது என்பதும், இவ்வடிவங்களுக்குத் தொல்காப்பியம் புணர்ச்சி விதி கூறுகிறது என்பதும் நாம் அறிந்தவை. ஆனால் ஏழு வயதுக் குழந்தையின் செவிக்குத் 'தொண்ணூறு' என்பதில் நூறும், 'தொள்ளாயிரம்' என்பதில் ஆயிரமும் கேட்கின்றன. மலாயில் இவை செம்பிலான் பூலுஹ், செம்பிலான் ராத்துஸ் என ஒழுங்காக அமையும். இடமதிப்பைக் கற்பிக்கும் ஆசிரியர் இவ்விடத்தில் சற்று நின்று விளக்கினால் போதும். விளக்காவிடின், மொழியின் பழைமை குழந்தையின் பிழையாக எண்ணப்படும்.

பின்னங்களில் நிலை தலைகீழானது. தமிழில் 3/5 என்பதை 'ஐந்தில் மூன்று' என்கிறோம். முழுமை முன்னும் பகுதி பின்னும் வருகின்றன. எத்தனை பங்காகப் பிரிப்பது, அவற்றுள் எத்தனை எடுப்பது என்னும் செயல்வரிசையே சொல்வரிசையாகிறது. மலாயில் 'திகா பெர்லீமா' என மூன்று முன்னும் ஐந்து பின்னும் வரும். ஆங்கிலமும் அவ்வாறே. கொரிய மொழி தமிழைப் போன்றது. கொரியக் குழந்தைகள் பின்னத்தின் பொருளை முன்கூட்டியே உணர அம்மொழியமைப்புத் துணைசெய்கிறது என 1999ஆம் ஆண்டில் மியூரா முதலியோர் எழுதினர். 2003ஆம் ஆண்டில் பெய்க், மிக்ஸ் என்னும் இருவர் அமெரிக்கக் குழந்தைகளிடமும் 'நான்கு பங்கில் ஒன்று' என்னும் முறையில் சொல்லை அமைத்துக் கேட்டபோது, அவர்களின் விடைகளும் மேம்பட்டன. ஆகவே இது இனத்தின் திறனோ நாட்டின் திறனோ அன்று. கேட்கும் முறை திருந்தினால் விடையும் திருந்துகிறது.

நான்கு தலைமுறை, நான்கு கணிதம்

விடுதலைக்குப் பின் தோட்டப் பள்ளிகள் தேசிய கல்வி முறைக்குள் வந்தன. 1957ஆம் ஆண்டில் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகளின் எண்ணிக்கை, தோட்டத் துண்டாடலாலும் இணைப்பாலும் குறைந்து, இன்று ஏறத்தாழ 530 என்னும் அளவில் உள்ளது. இக்காலப் பகுதியில் கணிதம் கற்பிக்கப்பட்ட மொழியும் முறையும் மாறிய வரலாற்றை, தென்னமரம், ராஜா மூசா போன்ற தோட்டங்களை ஒட்டி வாழும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொண்டு காண்பது தெளிவு தரும்.

முதல் தலைமுறையினர் 1950களில் பயின்ற பாட்டனார். அவர் கணிதத்தைத் தமிழில் கற்றார். அக்காலத்தில் இடைநிலைப் பள்ளிக்குச் செல்ல நுழைவுத் தேர்வில் தேற வேண்டும். அத்தேர்வு 1964ஆம் ஆண்டில் நீக்கப்பட்டு, 1965 முதல் அனைவர்க்கும் இடைநிலைக் கல்வி வாய்ப்பு விரிந்தது. அதற்கு முன் ஆரம்பப் பள்ளியோடு நின்றவர் இயற்கணிதத்தையோ வடிவியல் நிறுவல்களையோ கண்டதேயில்லை. தாம் காணாத பாடத்தில் தமக்குத் திறன் இல்லை என அவர் கூறுவது பொருந்தாது.

இரண்டாம் தலைமுறை 1970களின் இறுதியிலும் 1980களிலும் பயின்ற தாயார். 1983ஆம் ஆண்டில் ஆரம்பப் பள்ளிகளுக்கான புதிய கலைத்திட்டம் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. படித்தல், எழுதுதல், கணக்கிடுதல் என்னும் மூன்றும் அதன் அடித்தளம். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 1988ஆம் ஆண்டில் தொடங்கிற்று. ஆறு ஆண்டுகள் தமிழில் கணிதம் கற்றபின், மலாய்மொழியில் போதிய தேர்ச்சி பெறாதவர் ஓராண்டு புகுமுக வகுப்பில் அமர்ந்து, பின்னரே முதலாம் படிவத்திற்குச் சென்றனர். அங்குக் கணிதம் முழுமையாக மலாயில் நடந்தது. கூட்டத் தெரியும், கழிக்கத் தெரியும், பின்னம் தெரியும். ஆனால் வினாத்தாள் கூட்டச் சொல்கிறதா வகுக்கச் சொல்கிறதா என்பதே தெரியவில்லை என்னும் நிலை அவர்களுடையது. மொழியில் நேர்ந்த தடை மதிப்பெண்ணில் கணிதக் குறையாகப் பதிவாயிற்று.

மூன்றாம் தலைமுறை 2003ஆம் ஆண்டுக்குப் பின் பள்ளி சேர்ந்த மகள். அவ்வாண்டு ஜனவரியில் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை முதலாம் ஆண்டில் தொடங்கியது. வீட்டில் தமிழ், பள்ளியின் பிற பாடங்கள் பெரும்பாலும் தமிழ், கணிதமும் அறிவியலும் ஆங்கிலம். அம்மாணவரின் முதல் அணி 2008ஆம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். எழுதிற்று. 2009ஆம் ஆண்டு ஜூலையில் அக்கொள்கையைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டு, 2011ஆம் ஆண்டு முதல் படிப்படியாக மாற்றம் நிகழ்ந்தது. இதனால் சில அணியினர் தமிழில் எண்ணவும், ஆங்கிலத்தில் கணக்குப் போடவும், பின் இடைநிலையில் மலாய்க் கலைச்சொற்களை எதிர்கொள்ளவும் நேர்ந்தது.

நான்காம் தலைமுறை 2011ஆம் ஆண்டுக்குப் பின் சேர்ந்த பேரன். அவன் மீண்டும் தமிழில் கணிதம் கற்கிறான். 2016ஆம் ஆண்டில் வந்த இருமொழித் திட்டத்தில் சேர்ந்த பள்ளியாயின் ஆங்கிலத்தில் கற்கக்கூடும். 2021ஆம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். தேர்வும் நீக்கப்பட்டுவிட்டது. ஒரே வீட்டில் வாழும் இந்நால்வரின் 'கணக்குத் திறன்' ஒரே அளவுகோலால் அளக்கப்படவே இல்லை. எனவே அவர்களுள் யார் கெட்டி, யார் மந்தம் என ஒப்பிடுதல், காட்டியையும் கிலோவையும் மாற்றாமல் ஒப்பிடுவது போன்றதாகும்.

இச்சிக்கல் தமிழ்ப்பிள்ளைகளுடையது மட்டும் எனக் கொள்வதும் பிழை. அனைத்துலகக் கணித அறிவியல் ஆய்வான திம்ஸ், நாட்டின் இரண்டாம் படிவ மாணவரை அனைத்து இனங்களையும் சேர்த்தே அளக்கிறது. 1999ஆம் ஆண்டில் கணிதத்தில் 519 புள்ளி பெற்ற மலேசியா, 2003இல் 508, 2007இல் 474, 2011இல் 440 எனச் சரிந்து, 2015இல் 465க்கு எழுந்து, 2023இல் 411க்கு இறங்கியது. இருபது ஆண்டுகளில் ஒரு நாட்டுப் பிள்ளைகளின் மூளை இவ்வளவு மாறியிருக்க இயலாது. மாறியவை கற்பித்தலும் சூழலுமே.

செய்யத்தக்கவை

மேற்கண்டவற்றிலிருந்து ஆசிரியரும் பெற்றோரும் கைக்கொள்ளத்தக்கவை சில உள. முதலாவது, ஐந்தாம் ஆறாம் ஆண்டுகளிலேயே கணிதக் கலைச்சொற்களைத் தமிழ், மலாய் இணைகளாகக் கற்பித்தல். பின்னம் 'பெச்சாஹான்', தசமம் 'பெர்புலுஹான்', விழுக்காடு 'பெராத்துஸ்', பரப்பளவு 'லுவாஸ்' என நாற்பது ஐம்பது சொற்கள் போதும். இவற்றுள் சில அயலானவையும் அல்ல. கழித்தலில் எஞ்சுவதை மலாய் 'பாக்கி' என்கிறது. கடைப் பாக்கி என்று வீட்டில் நாள்தோறும் கேட்ட சொல்லே அது. சொற்களோடு வரிசை மாற்றத்தையும் காட்ட வேண்டும். 'ஐந்தில் மூன்று' என்பது 'திகா பெர்லீமா' ஆகும்போது எண்கள் இடம் மாறுவதை ஒருமுறை எடுத்துக்காட்டினால், பின்னத்தைத் தலைகீழாக எழுதும் பிழைக்கு இடமிராது.

இரண்டாவது, வட்டாரத்தின் வாழ்விலிருந்து கணக்கை எடுத்தல். செம்பனைக் கன்றுகள் சதுரமாக அன்றி, சமபக்க முக்கோண அமைப்பில் நடப்படுகின்றன. ஒன்பது மீட்டர் இடைவெளியில் சதுரமாக நட்டால் ஒரு ஹெக்டருக்கு ஏறத்தாழ 123 மரங்களும், அதே இடைவெளியில் முக்கோணமாக நட்டால் ஏறத்தாழ 143 மரங்களும் அடங்கும். மரங்களுக்கு இடையிலான தொலைவு குறையாமலே ஏறத்தாழ 15 விழுக்காடு கூடுதல். வரிசைகளின் இடைவெளி ஒன்பது மீட்டரிலிருந்து 7.8 மீட்டராகக் குறைவதே காரணம். பேருந்தில் பள்ளிக்கு வரும் பிள்ளை நாள்தோறும் சன்னல் வழியே காணும் காட்சி இது. முக்கோணத்தின் உயரம் எதற்குப் பயன்படும் என்னும் வினாவுக்கு இதனினும் அண்மையான விடை கோல சிலாங்கூரில் இல்லை. பால் கணக்கை விழுக்காட்டுக்கும், காட்டி இராத்தல் மாற்றத்தை விகிதத்துக்கும் இவ்வாறே பயன்படுத்தலாம்.

மூன்றாவது, வீட்டில் உள்ள முதியோரின் எண்ணறிவைக் கேட்டறிதல். வாளியின் எடையை எவ்வாறு மதிப்பிட்டார்கள், காட்டியை எவ்வாறு இராத்தலாக்கினார்கள், மாதச் செலவை எழுதாமலே எவ்வாறு நினைவில் வைத்தார்கள் என்று பிள்ளைகள் கேட்டு எழுதி வகுப்பில் வைக்கட்டும். இது கணிதப் பயிற்சியாகவும் அமையும். இன்று மறைந்துவரும் தோட்ட வாழ்வின் பதிவாகவும் அமையும்.

முடிவுரை

வட சிலாங்கூர்த் தோட்ட மக்கள் கணிதத்தில் எத்தகையோர் என்னும் வினாவுக்கு, பள்ளிச் சான்றிதழ்கள் தரும் விடை அரைகுறையானது. பால் நிறுவையிலும் கடைவீதியிலும் அவர்கள் கையாண்ட எண்ணறிவு சான்றிதழில் ஏறவில்லை. தாள்களில் ஏறிய மதிப்பெண்களோ, குறைந்த பள்ளி ஆண்டுகளையும் இடையில் மாறிய மொழிகளையும் சேர்த்தே அளந்தன. தமிழ்வழிக் கணிதக் கல்வி மட்டுமே எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என நாம் கூறவில்லை. எம்மொழியில் கற்பித்தாலும், பிள்ளை ஏற்கெனவே அறிந்த எண்ணிலிருந்து தொடங்கி, அடுத்த படியின் மொழிக்கு முன்கூட்டியே பாலம் அமைப்பதே இன்றியமையாதது. 'எனக்குக் கணக்கு வரவில்லை' என்று சொல்லும் பெற்றோர், அதனைத் தம் பிள்ளையிடம் சொல்லுமுன் தாம் எத்தனையாம் வகுப்பில், எம்மொழியில் நின்றுபோனோம் என்பதை எண்ணிப் பார்த்தல் நலம். அவர் நின்ற இடத்திலேயே பிள்ளையும் நிற்க வேண்டும் என்னும் விதி கணிதத்தில் இல்லை.